புது ஹப் என்று சொல்லிப் பழையதைப் பூட்டினால்?

கேள்வி: ஐயா, எங்கள் குடும்ப வானின் முன் சில்லில், ஓட ஓடக் கூடும் இரைச்சல் ஒன்று கேட்டது. யாழ். நகரிலுள்ள ஒரு கராஜில் காட்டினேன். ஹப்பை முழுதாக மாற்றவேண்டும், புதுசு போடுகிறோம் என்று சொல்லி, கூலியோடு 64,000 ரூபா வாங்கினார்கள். ஐந்து கிழமையில் அதே இரைச்சல். ஏபிஎஸ் விளக்கும் எரிந்தது. சாவகச்சேரியில் இன்னொரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "இது வேறு வாகனத்தில் கழற்றின சாமான்" என்றார். திரும்பக் கொண்டுபோய் விட்டேன். வேறு ஹப் மாற்றிவிட்டு, "பெயாரிங்குக்குக் கரன்ரி இல்லை" என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள். இன்னும் 18,000 தந்தால்தான் வானை விடுவார்களாம். இப்படி மறிக்கலாமா? பொலிஸுக்குப் போகட்டுமா?
— வாசகர், கொடிகாமம்

பதில்: யாழ்ப்பாணத்தில் எந்த வழக்குக்கும் தேசவழமை என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அது முதுசம், சீதனம், காணி ஆகியவற்றைப் பார்க்கும் சட்டம். வானின் சில்லுக்கு உரோமன்-டச்சுச் சட்டமும் நாட்டின் பொதுச் சட்டங்களும்தான்.

அந்த உரோமன்-டச்சுச் சட்டப்படி, திருத்திய கூலி கிடைக்கும்வரை வாகனத்தைத் தம் கையில் வைத்திருக்கும் உரிமை கராஜ்காரருக்கு உண்டு. வைத்திருக்கத்தான் முடியும், ஓடவோ விற்கவோ முடியாது. வானை ஒருமுறை விட்டுவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். ஆனால் கடன் இருந்தால்தான் இந்த உரிமை. தம் முதல் வேலையின் பிழையைத் தாமே திருத்தியதற்குக் கூலி கேட்க இடமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவைப் பாருங்கள்: சேவை தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும், அதற்குப் போடும் பொருள் அதன் தேவைக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம், யாரும் எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது.

"கரன்ரி இல்லை" என்ற வரி உங்களைப் பயமுறுத்த வேண்டாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் எத்தனையோ வான்கள் கழற்றின சாமான்களில்தான் ஓடின. பழையதை விற்பது குற்றமில்லை. பழையதைப் புதுசு என்று சொல்லி விற்பதுதான் அதே சட்டத்தின் 31ஆம் பிரிவில் வரும் பொய்க்கூற்று. கரன்ரி இல்லை என்று எழுதிவைத்தால் அந்தப் பொய் மெய்யாகிவிடாது.

இனி, நிரூபிப்பது. இங்கேதான் பலர் தோற்கிறார்கள். ஹப் என்பது பெயாரிங்கை உள்ளே வைத்து மூடிய ஒரே சாமான். பல வான்களில் ஏபிஎஸ் சென்சரின் பாகமும் அதிலேயே இருக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றினாலோ நட்டை அளவுபார்த்து இறுக்காவிட்டாலோ புது ஹப்பும் கெதியில் போய்விடும். ஆகவே எதிர்த்தரப்பு, "சாமான் புதுசுதான், நீங்கள் குழியில் விட்டீர்கள்" என்று சொல்லும். அதற்கு உங்களிடம் இருக்கவேண்டியது கழற்றிய அந்த ஹப். காசு கொடுத்து வாங்கியது, உங்களுடைய பொருள். இன்றே எழுத்தில் கேளுங்கள். இரும்புக் கடைக்குப் போய்விட்டால் வழக்கில் பாதி போனமாதிரி. அதில் பொறித்த இலக்கத்தைப் படமெடுங்கள். சாவகச்சேரி மெக்கானிக் கண்டதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். தொழில்காரர் ஒருவர் இன்னொருவருக்கு எதிராக எழுதத் தயங்குவார். வற்புறுத்தாமல் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்.

வான் அவசரமென்றால் 18,000ஐக் கட்டிவிடுங்கள். பற்றுச்சீட்டிலேயே "உரிமைகளுக்குப் பங்கமின்றி, ஆட்சேபனையுடன் செலுத்தப்பட்டது" என்று எழுதுங்கள். சண்டை பிடித்து வானை அங்கே ஒரு மாதம் நிறுத்துவதைவிட இது மலிவு.

அதிகாரசபைக்கான முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். உங்கள் கணக்கு முதல் பில்லின் திகதியிலிருந்து ஓடுகிறது; ஐந்து கிழமை ஏற்கெனவே போய்விட்டது. விசாரித்தபின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, காசைத் திருப்பவோ அவர்கள் கட்டளையிடலாம். விளக்கம் கேட்க 1977க்கு அழைக்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னது முறைப்பாடு ஆகாது. வழக்கென்றால், இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபை. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றப் படியேறலாம்.

பொலிஸில் பதிவதால் கெடுதல் இல்லை. வான் எங்கே, எப்போதிருந்து நிற்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டமுடியாவிட்டால் அது மோசடிக் குற்றம் ஆகாது. அவர்களும் பெரும்பாலும் இரு பகுதியையும் கூப்பிட்டுப் பேசிவிட்டு, சிவில் விடயம் என்றே அனுப்புவார்கள்.