அதிசயச் செய்திக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்



சென்ற தவணையில் ஒருநாள் பன்னிரண்டு வயதான என் மகள் வாடிய முகத்துடன் பாடசாலையால் வந்தாள். பூமியின் காந்தப் புலத்தின் மையப் புள்ளியிலே சிதம்பரம் நடராசர் கோயில் அமைந்திருக்கிறது என்று நான் சொல்லிக் கொடுத்ததை அவள் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். "அதை எங்கே வாசித்தாய்?" என்று ஆசிரியை கேட்டாராம். பிள்ளையிடம் பதில் இல்லை. "நீங்கள் எங்கே வாசித்தனீங்கள், அப்பா?" என்று என்னைக் கேட்டாள். என்னிடமும் பதில் இல்லை. கைத்தொலைபேசிக்கு யாரோ அனுப்பியதை அப்படியே நம்பிச் சொல்லியிருந்தேன்.

நான் தொழிலால் ஒரு கணக்காளன். பற்றுச்சீட்டு இல்லாமல் ஐந்து பவுண் செலவையும் ஏட்டில் பதியாதவன். ஆகவே அன்றிரவு நாங்கள் இருவரும், எனக்கு வந்திருந்த 'தமிழரின் அதிசயங்கள்' பட்டியலைக் கணக்காய்வு செய்ய இருந்தோம். ஒவ்வொரு செய்தியிடமும் மூன்று கேள்விகள் கேட்டோம். சான்று எது, அது எங்கே இருக்கிறது? அந்தச் சான்று தானாக என்ன சொல்கிறது? அதற்கு மேல் நாங்கள் எவ்வளவைக் கூட்டிச் சொல்கிறோம்?

1. காசும் 'காஷ்'உம்

ஆங்கிலத்தின் 'காஷ்' தமிழின் 'காசு' என்பதிலிருந்து வந்தது என்பர். இது பாதி உண்மை. ஆங்கிலத்தில் இந்தப் பெயரில் இரண்டு சொற்கள் உண்டு. இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிப்பது ஒன்று. அது நமது காசு. போர்த்துக்கேயர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கடைகளில் நாம் கொடுக்கும் 'காஷ்' வேறு. அது பெட்டி என்று பொருள்படும் 'கப்சா' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒரே பெயரில் இரண்டு கணக்குகள். ஒன்றின் வரவை மற்றதில் எழுதக் கூடாது.

2. நியூசிலாந்துத் தமிழ் மணி

ஏறத்தாழ 1836 இல் வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி, நியூசிலாந்தின் வட பகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கல மணியில் உருளைக்கிழங்கு அவிப்பதைக் கண்டார். அதில் இருந்த எழுத்து தமிழ்! முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அது சொல்கிறது. இன்றும் வெலிங்டன் நகரில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது. இவ்வளவும் உறுதி. ஆனால் 'நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர்கள்' என்று பட்டியல் முடித்திருந்தது. மணி அப்படிச் சொல்லவில்லை. கைவிடப்பட்ட கப்பலும் மிதந்து போகலாம். மணி பல கைகள் மாறியும் போகலாம். தமிழ் முஸ்லிம் மக்களின் கடல் வணிகத்துக்கு அது ஓர் அருமையான சான்று. அந்த அளவோடு பதிந்தோம்.

3. காலிக் கல்வெட்டு

1911 இல் காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்த கல்லொன்றில் எழுத்துகள் இருப்பதை ஒரு பொறியியலாளர் கவனித்தார். அது சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல். அதில் பொறித்த ஆண்டு 1409. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் கொடுத்த காணிக்கைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு பேரரசு, இலங்கையில் பேசவேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைக் கருதியது. இதற்கு எதையும் கூட்டத் தேவையில்லை.

4. சிதம்பரமும் காந்தமும்

காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி ஓடும் ஒரு கோடு. கோட்டுக்கு மையப் புள்ளி கிடையாது. அதுவும் ஆண்டுக்காண்டு மெல்ல நகர்வது. இந்தியாவில் சிதம்பரத்துக்கு வெகு தெற்கே செல்கிறது. அதற்கு அண்மையில் இருப்பதனாலேயே திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பா என்ற மீனவக் கிராமத்தை இந்திய விஞ்ஞானிகள் தெரிந்தெடுத்து, 1963 நவம்பர் 21 இல் முதல் ரொக்கெற்றை ஏவினார்கள். அங்கிருந்த தேவாலயமே அவர்களின் அலுவலகம். மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். பொய்யைவிட உண்மை சுவையாக இருந்தது.

ஆனாலும் சிதம்பரம் வரியை நான் வெட்டியபோது அவள் முகம் சுருங்கியது. "அப்ப நடராசரைப் பற்றி நான் என்ன சொல்லுறது?" என்றாள். ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிச் சொன்னேன். 1877 இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை ஈழத் தமிழர் சேர் முத்துக்குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயப் பெண். இங்கே இலண்டனில் பாறைகளையும் தாவரங்களையும் பற்றிப் படித்து, இலங்கையில் கனிமங்களை ஆராய்ந்து, 1904 இல் தோரியனைற் என்ற கதிரியக்கக் கனிமத்தைக் கண்டறிந்தார். அதே மனிதர்தான் பின்னர் நடராசர் திருவுருவின் பொருளை ஆங்கிலத்தில் எழுதி மேல்நாட்டாருக்கு விளக்கியவர். அந்தக் கட்டுரை இடம்பெற்ற நூல் 1918 இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. அடுத்த கிழமை மகள் இதை வகுப்பில் சொன்னாள். எங்கே வாசித்தாய் என்பதற்கும் பதில் வைத்திருந்தாள்.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று சிலர் கேட்கலாம். 1995 இல் வலிகாமத்தை விட்டு ஓடியபோது என் தாயார் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். நகையை விட்டுவிட்டு அதை எடுத்தார். பிற்காலத்தில் இந்த நாட்டில், நான் யார் என்பதற்கே சான்று கேட்கப்பட்டபோது அந்தப் பைதான் எனக்காகப் பேசியது. எங்கள் இனத்தின் சான்றுகளோ 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தன. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. சான்றுகளை இழந்த மக்கள் சொல்வதைச் சோதித்துத்தான் கேட்பார்கள். ஒரு பொய்ச்சீட்டு அகப்பட்டால், மற்ற நூறு உண்மைச் சீட்டுகளையும் தள்ளிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் செய்வார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: வீட்டில் பெரியவர்கள் சொன்ன அதிசயச் செய்தி ஒன்றை எடுத்து, மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டு, ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளை "எங்கே வாசித்தனீங்கள்?" என்று கேட்டால் கோபிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து தேடுங்கள்.