பல் அகற்றிய பின் பேணும் முறைகள்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. பல்லின் அருமையை உணர்ந்த நம்மவர், பல் போன இடத்தின் அருமையை அத்துணை உணர்ந்தாரில்லை. பல்லைப் பிடுங்கியதும் துன்பம் தீர்ந்ததென்று வீடு திரும்புகிறோம். உண்மையில் அப்போதுதான் தாடை எலும்பில் ஒரு புண் தொடங்குகிறது. அது செவ்வனே ஆறுவது மருத்துவர் கையில் பாதி. நம் கையில் பாதி.

அகற்றுமுன் எண்ணுக

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடக்கலாகாது. அளவு கடந்த நீரைப் பிள்ளைப் பருவத்தில் பருகினோர்க்குப் பற்களில் பழுப்புக் கறை படியும். இதனைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பெற்றது. கறை படிந்தது என்பதற்காக மட்டும் பல்லை இழக்க வேண்டுவதில்லை.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் நூலில் இதனையே வலியுறுத்தினார். பல்லைக் காக்கும் வழிகளை எல்லாம் முயன்ற பின்னரே பிடுங்க வேண்டும் என்பதும், வலி நோயாளியை ஏமாற்றுமாதலால் நோயுற்ற பல் எதுவென்று முதலில் தெளிய வேண்டும் என்பதும் அவர் கருத்துகள்.

குருதிக்கட்டியே காவல்

பல் இருந்த குழியில் குருதி உறைந்து கட்டியாகிறது. அக்கட்டியே எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கும் இயற்கையின் கட்டு. அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளிப்பட்டு, இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் காது வரை பரவும் கடும் வலியும் துர்நாற்றமும் தோன்றும். இதனை ‘உலர் குழி’ என்பர். கீழ்க் கடைவாய்ப் பற்களிலும் புகைப்போரிடத்தும் இது மிகுதி.

ஆகவே முதல் நாளில் கருத வேண்டியவை இவை:

1. மருத்துவர் வைத்த பஞ்சை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் அழுந்தக் கடித்திருக்க வேண்டும்.
2. அடிக்கடி எச்சில் துப்புதல், வாய் கொப்பளித்தல், உறிஞ்சுகுழலால் பருகுதல் ஆகாது.
3. பீடி, சிகரெட், புகையிலை, மது அறவே கூடா.
4. விரலாலோ நாவாலோ குழியைத் தீண்டலாகாது. கிராம்புத் தூள், புகையிலை முதலியவற்றைத் திணிப்பது நோயை விலைக்கு வாங்குவதாகும்.
5. வீக்கம் தணிய, கன்னத்தின் வெளிப்புறத்தில் துணி சுற்றிய பனிக்கட்டியை விட்டுவிட்டு ஒற்றலாம்.

மரத்துப்போன உதட்டைக் கடித்துக்கொள்ளும் இயல்பு சிறுவர்க்கு உண்டு, அவர்களைக் கண்காணிக்க.

உணவும் தூய்மையும்

சூடான களியும் காரக் குழம்பும் முதல் நாளில் வேண்டா. ஆறிய கேழ்வரகுக் கூழ், மோர்ச்சோறு, குழைந்த பருப்புச் சாதம் ஆகியன ஏற்றவை. ஒரு நாள் கழிந்தபின், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின் மெல்லக் கொப்பளிக்கலாம். ஏனைய பற்களைப் புண்ணில் படாமல் துலக்க வேண்டும். வேப்பங்குச்சியும் மிஸ்வாக்கும் புண் ஆறும்வரை அவ்விடத்தை அணுகலாகா. ஈறு மூட ஓரிரு வாரங்களும், எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும்.

நீரிழிவு, இதய நோய் உடையோரும், குருதி உறையாமைக்கு மருந்துண்போரும் அதனை முன்னரே மருத்துவரிடம் கூற வேண்டும். அம்மருந்தைத் தாமாக நிறுத்துவதும், வலிக்கென ஆஸ்பிரினைத் தாமாக விழுங்குவதும் தவறு.

வாணியம்பாடி தந்த பாடம்

நமக்கு அண்மையிலுள்ள வாணியம்பாடியில், ஒரு தனியார் பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பத்துப் பேர், மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு நுண்ணுயிரியால் மூளைத் தொற்றுக்கு ஆளாயினர். அவருள் எண்மர் மாண்டனர். 2023ஆம் ஆண்டு நேர்ந்த இந்நிகழ்வு பற்றிய ஆய்வு 2025இல் வெளியாயிற்று. திறந்த உப்புநீர்ப் புட்டியை மூடி வைத்துப் பலருக்கும் பயன்படுத்தியமையே காரணமாக அதில் சுட்டப்பெற்றது. வீட்டில் எத்துணைப் பேணினும் இத்தீங்கை நோயாளி தடுத்திருக்க இயலாது. எனவே கருவிகள் கொதிகலனில் தூய்மை செய்யப்பெற்றனவா, புட்டி புதிதாகத் திறக்கப்பெற்றதா என்று பணிவுடன் வினவுவது நம் உரிமை, கடமையும் ஆகும். பின்னர்க் காய்ச்சலோ தலைவலியோ நீடித்தால், பல் சிகிச்சை பெற்றதை மருத்துவரிடம் மறவாது சொல்க.

காலம் தாழ்த்தலாகாது

அழுத்திக் கடித்தும் குருதி நில்லாமை, மூன்றாம் நாளுக்குப் பின்னும் வளரும் வீக்கம், காய்ச்சல், சீழ், வாய் திறவாமை ஆகியன கண்டால் உடனே மருத்துவரை நாடுக. விழுங்கவோ மூச்சுவிடவோ இடர் நேரின் 108 ஊர்தியை அழைத்து, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு விரைக.

மாணவச் செல்வங்களே! இல்லத்து முதியோர் பல் அகற்றித் திரும்பும் நாளில், மருத்துவர் கூறியவற்றை அவர்க்குப் படித்துக் காட்டி, அருகிருந்து கூழ் ஆற்றிக் கொடுங்கள். கற்ற கல்வியின் பயன் அதுவேயாகும்.