இடுப்பை எங்கே வைப்பது?



பளுதூக்கப் பாரைப் பிடித்துத் தயாராகும்போது இடுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். எல்லோருக்கும் பொதுவான உயரம் ஒன்று கிடையாது. உனக்குரியதைக் கண்டுபிடிக்க வழி உண்டு.

நம் பக்கத்தில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அந்தக் கல்லுக்குப் பிடி இல்லை. முதுகை வளைத்து, கட்டிப்பிடித்து, தொடையில் ஏற்றி மூச்சு வாங்கிய பிறகு தோளுக்குக் கொண்டுபோகலாம். ஸ்நாட்சில் அந்த இடைவேளை கிடையாது. பார் தரையை விட்டால் ஒரே மூச்சில் தலைக்கு மேல் போயாக வேண்டும். அதனால் தரையிலிருந்து முழங்கால் வரையிலான முதல் இழுப்பே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

பார் நடுப்பாதத்துக்கு மேலே இருக்கட்டும். முதுகு நிமிர்ந்து விறைப்பாகவும், தோள் பாருக்குச் சற்று முன்னாலும் இருக்கட்டும். இவை சரியானால் இடுப்பு தன் இடத்துக்குத் தானே வந்துவிடும். தொடை நீளமானவர்களுக்கு அது சற்று உயரத்தில் அமையும். ஸ்நாட்சில் கையை அகட்டிப் பிடிப்பதால் பாரைத் தோளுக்குக் கொண்டுபோகும் கிளீனைவிடக் கொஞ்சம் தாழும்.

குந்துவதுபோல் இடுப்பை இறக்கினால் முழங்கால் குறுக்கே வந்து பாரை முன்னே தள்ளும். அதிகம் உயர்த்தினால் கால் சும்மா இருக்க, பாரம் முழுவதும் முதுகில் விழும்.

பக்கவாட்டில் செல்போனை வைத்துப் படம் பிடி. பார் முழங்காலைத் தாண்டும்வரை இடுப்பும் தோளும் சேர்ந்தே எழ வேண்டும். பார் அசையுமுன் இடுப்பு மட்டும் எழுகிறதா? அது எழுந்து நிற்கும் இடத்திலிருந்தே அடுத்த முறை தொடங்கிப் பார். எடை கூடும்போது மட்டும் அப்படி நடந்தால், கால் பலம் போதவில்லை, எடையைக் குறை.

போட்டி பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. சின்ன இரும்பு பிளேட்டில் பழகினால் பார் தாழ்ந்துவிடும்; இருபுறமும் உறுதியான பலகை கொடுத்து உயர்த்திக்கொள்.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கத்தின் வீடியோக்களைப் பார். இடுப்பும் தோளும் எப்படி எழுகின்றன என்று கவனி. அவர் இடுப்பின் உயரத்தை மட்டும் அப்படியே காப்பியடிக்காதே. அது அவர் தொடைக்கும் உடலுக்கும் ஏற்ற அளவு.

முதல் இழுப்பு ஒழுங்காகும்வரை பாரில் ஒரு பிளேட்டும் கூட்டாதே, மக்களே.