தம்புராவுக்கு முன் கால் மணி நேரம்

அன்புள்ள தங்கைக்கு,

கச்சேரி மேடைதான் இனி என் வாழ்க்கை என்று முடிவெடுத்துவிட்டாய். அதை வாழ்த்தப் பலர் இருப்பார்கள். நான் எழுத வந்தது உன் பொழுதைப் பற்றி. விடிவதற்கு முன்பே அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. பகலில் வேலையோ கல்லூரியோ. மாலையில் குருவிடம் பாடம். இடையிடையே பக்கவாத்தியக்காரர்களோடு தேதி பேச வேண்டும், சபாக்காரர்களுக்குப் பதிவு அனுப்ப வேண்டும், இன்ஸ்டாகிராமில் ஒரு நிமிட ரீல் போட வேண்டும், அதற்கு வந்த கமெண்ட்டுகளைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் சாதகம். இப்படி ஓடுகிற ஒருத்தியிடம், தினமும் கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் தம்புராவோடு உட்கார் என்று சொன்னால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் அதைத்தான் சொல்கிறேன். குரலைப் பழக்குகிறோம், கையைத் தாளத்துக்குப் பழக்குகிறோம். கவனத்தையும் அப்படித் தனியாகப் பழக்கியாக வேண்டும். உன் நாளில் அதற்கென்று ஓர் இடம் இப்போது இல்லை.

இதற்கு நீ சொல்லக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. பாடுவதே தியானம்தானே, தனியாக இன்னொன்று எதற்கு என்பாய். நாதோபாசனை என்ற சொல்லையே மரபு நமக்குக் கொடுத்திருக்கிறது என்றும் நினைவூட்டலாம். பாட்டு தியானமாக முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. உன் சாதகத்தில் எவ்வளவு நேரம் அது அப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். சிறு வயதில் கற்ற மோகன வர்ணத்தை எடுத்துக்கொள். இரண்டு காலத்திலும் பிசிறில்லாமல் பாடிக்கொண்டே, ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று உன்னால் யோசிக்க முடியும். பல ஆண்டுப் பயிற்சியின் பலனே அதுதான். தொண்டையும் நாக்கும் கையும் மனத்தின் மேற்பார்வை இல்லாமலே வேலை செய்யப் பழகிவிடுகின்றன. மேடைக்கு இது அவசியம். தாளம் கையில் தானாக நின்றால்தான் கற்பனைக்கு மனம் மிஞ்சும். ஆனால் இதே தேர்ச்சிதான் மனம் நழுவுவதற்கும் கதவைத் திறந்துவிடுகிறது. கற்றுக்குட்டியின் மனம் சரளி வரிசையை விட்டு நகர்ந்தால் பாட்டு உடனே நின்றுவிடும். உன் மனம் நகர்ந்தால் பாட்டு நிற்காது. நகர்ந்ததே உனக்குத் தெரியாது.

மனம் இப்படி அலைவது உன் குறை மட்டும் அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் கைபேசி வழியாக, நாளின் வெவ்வேறு வேளைகளில், என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா என்று கேட்டார்கள். கேட்ட வேளைகளில் ஏறத்தாழ 47 சதவீதத்தில் மனம் செய்கிற வேலையில் இல்லை. மனம் வேறெங்கோ இருந்தபோது மக்கள் அவ்வளவு மகிழ்ச்சியாகவும் இல்லை. பாடகியின் மனம் மட்டும் இதற்கு விலக்காக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. பேகடாவின் நிஷாதத்தை நினைத்துப் பார். அது நிற்கும் இடம் எந்தச் சுரப் பட்டியலிலும் இல்லை. காது விழித்திருந்தால்தான் கிடைக்கும். அந்த இடத்தில் கவனம் ஒரு கணம் விலகினால் அபசுரம் வராது, ராகத்தின் முகம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அந்த மங்கலை நீ கவனிக்காமல் நூறு முறை பாடினால், நூறு முறையும் மங்கலைத்தான் சாதகம் செய்திருக்கிறாய்.

அப்படியானால் சாதக நேரத்தைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். நம் இசை உலகில் மணிக்கணக்குக்குப் பெரிய மரியாதை உண்டு. அசுர சாதகம் என்று வியந்து சொல்வோம். ஆண்டர்ஸ் எரிக்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி 1993-ல் எழுதிய கட்டுரையை இதற்குச் சான்றாகக் காட்டுவதும் உண்டு. முன்னணி மாணவர்கள் வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரம் தனியாகப் பயின்றார்கள், ஆசிரியர் பணிக்குப் படித்தவர்கள் சுமார் 9 மணி நேரம்தான் பயின்றார்கள் என்பது அதில் உள்ள செய்தி. அந்தக் கட்டுரையின் மறுபாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. அவர்கள் பேசியது முழுக் கவனமும் தேவைப்படும் பயிற்சியைப் பற்றி. அந்தக் கவனம் ஒரு நாளில் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதையும், முன்னணியில் இருந்தவர்கள் பகலில் தூங்கி ஓய்வெடுத்ததையும் அவர்களே பதிவு செய்தார்கள். 2019-ல் புரூக் மெக்நமாராவும் மேகா மைத்ராவும் இதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது, மிகச் சிறந்த மாணவர்களையும் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்த நல்ல மாணவர்களையும் மணிக்கணக்கால் பிரித்துக் காட்ட முடியவில்லை. ஓரளவுக்கு மேல் போனபின், எத்தனை மணி என்பதைவிட அந்த மணிக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் பொருட்படுத்த வேண்டியது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

உன் மணிக்குள் என்ன நடக்கிறது? வகுப்பை முடித்த கையோடு சாதகத்துக்கு உட்காருகிறாய். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் காட்டியது இங்கே பொருந்துகிறது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குப் போனால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புதிய வேலை அதனால் கெடுகிறது. பதில் போடாத வாட்ஸ்அப் செய்தியும், தேதி சொல்லாத மிருதங்கக்காரரும், சபாவிலிருந்து வராத அழைப்பும் உன்னோடு சேர்ந்தே சாதகத்துக்கு உட்காருகின்றன. முதல் அரை மணி நேரம் அவற்றுக்குத்தான் போகிறது. கால் மணி நேரத்துக்கு எங்கே போவேன் என்று நீ கேட்டால், அந்த வீணாகும் அரை மணியிலிருந்து எடு என்பதே என் பதில்.

கண்ணை மூடி மூச்சைப் பார்த்தாலும் போதும்தான். ஆனால் உனக்கு மூச்சைவிடச் சிறந்த துணை வீட்டிலேயே இருக்கிறது. தம்புராவின் நான்கு கம்பிகளையும் பஞ்சமம், இரண்டு ஸட்ஜம், மந்தரம் என்று மெதுவாக மீட்டிக்கொண்டு கேள். அதற்குத் தாளம் இல்லை, சாகித்தியம் இல்லை, அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. மனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பொருளும் இருக்கிறது, அதை இழுத்துக்கொண்டு ஓட வழியும் இல்லை. அதே சமயம் அது வெறுமையான ஒலியும் அல்ல. அகலமான குதிரையும் அதன் மேல் கம்பிக்கு அடியில் செருகும் ஜீவா நூலும் சேர்ந்து, ஒவ்வொரு மீட்டலிலும் மேல் சுரங்களைக் கொத்துக் கொத்தாக எழுப்புகின்றன. மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேல் சுரங்கள் ஒலிக்கவே கூடாது என்பது ஐரோப்பியர் வகுத்த யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த விதி நிற்பதில்லை, எழக்கூடாத சுரங்களும் வலுவாக எழுகின்றன என்று 1921-லேயே சி.வி. ராமன் எழுதினார். நன்றாகச் சுருதி சேர்ந்த மந்தரக் கம்பியிலிருந்து யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்று நம் வித்வான்கள் அதைச் சொல்வார்கள். அவசரக் காதுக்கு அது கேட்காது. சில நிமிடம் அமைதியாக இருந்தபின் கேட்கத் தொடங்கும், மனம் விலகியதும் மறைந்துவிடும். உன் கவனம் எங்கே இருக்கிறது என்பதை இவ்வளவு நேர்மையாக உடனுக்குடன் சொல்லும் வேறொரு கருவியை நான் அறியேன்.

அதனால்தான் மின்னணுப் பெட்டியையோ கைபேசிச் செயலியையோ இந்தக் கால் மணிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பயணத்தில் அவை உதவட்டும், குறை சொல்லவில்லை. ஆனால் பெட்டி தானே ஒலித்துக்கொண்டிருக்கும். நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். கையால் மீட்டும்போது மனம் நழுவினால் விரல் தடுமாறும், இடைவெளி கூடும் அல்லது குறையும். பிருடையை முறுக்கி, மணியை நகர்த்தி, நூலின் இடத்தைச் சரி செய்து சுருதி சேர்க்கும் வேலையே பாதித் தியானம். செயலி இருக்கும் கைபேசியிலோ மற்றவை எல்லாமும் இருக்கின்றன.

உட்கார்ந்தால் மனம் நிற்கவே மாட்டேன் என்கிறது, எனக்கு இது சரிப்படாது என்று நீ மூன்றாம் நாள் சொல்வாய். எல்லாரும் சொல்வது இது. தியானம் என்றால் எண்ணமே எழாத நிலை என்று நினைப்பதால் வரும் சோர்வு. எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹசன்காம்ப்பும் உடன் ஆய்வாளர்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், தியானப் பழக்கம் உள்ள 14 பேரை மூளை வரைவிக்குள் படுக்கவைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனம் அலைந்தது தெரிந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பழகியவர்களின் மனமும் அலைந்தது. அலைவது, அலைந்ததை உணர்வது, திருப்புவது, மூச்சில் நிலைநிறுத்துவது என்று ஒரு சுற்று திரும்பத் திரும்ப நடந்தது; ஒவ்வொரு கட்டத்திலும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் வேலை செய்தன. அந்தச் சுற்றில் உணர்வதும் திருப்புவதும்தான் பயிற்சி. கால் மணிக்குள் இருபது முறை மனம் ஓடி இருபது முறையும் நீ திரும்பக் கொண்டுவந்தால் இருபது முறை பயின்றிருக்கிறாய். மேடையில் உனக்குத் தேவைப்படுவதும் இதுவே. கல்பனாஸ்வரத்தில் ஒரு கோர்வை எடுப்புக்கு வந்து சேராமல் போகும். தவறுவதில் பெரிய வித்வானுக்கும் உனக்கும் வேறுபாடு இல்லை. அடுத்த ஆவர்த்தனத்துக்குள் மீண்டு வருவதில்தான் வேறுபாடு. தவறையே நினைத்துக்கொண்டு இன்னும் மூன்று ஆவர்த்தனம் பாடுகிறவர்கள் அந்த மூன்றையும் சேர்த்து இழக்கிறார்கள்.

இத்தனை சொல்லிவிட்டு, தியானம் எல்லாவற்றையும் தரும் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன். அது பெரிய வியாபாரமாகிவிட்ட காலம் இது. ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவக் கல்லூரியில் தியானப் பயிற்சியைத் தொடங்கிய பின்னர் ஆய்வுகள் ஏராளமாக வந்துவிட்டன. தரம் ஒன்றுபோல் இல்லை. அவற்றில் முறையாக நடந்த 47 சோதனைகளை, மொத்தம் சுமார் 3,500 பேர் பங்கெடுத்தவற்றை, சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பீடு 2014-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதற்கு மிதமான சான்று இருக்கிறது என்றது. கவனம், தூக்கம் போன்றவற்றுக்குச் சான்று போதவில்லை என்றும், உடற்பயிற்சி, மருந்து போன்ற பிற வழிகளைவிடத் தியானம் மேலானது என்று காட்ட முடியவில்லை என்றும் சொன்னது. கவனத்துக்காக இதைச் செய் என்று சொல்லும் எனக்கு இது பாதகமான செய்திதான். ஆனாலும் பின்வாங்கவில்லை. அந்தச் சோதனைகள் பொதுவாக நோயாளிகளுக்குப் பொதுவான தியானம் கற்பித்துப் பார்த்தவை. நான் கேட்பது, பாடகி தான் பயன்படுத்தப் போகும் அதே காதை, தான் பாடப் போகும் அதே சுருதியில், பாடுவதற்குச் சற்று முன் பழக்குவது. எதைப் பழகுகிறோமோ அதில் தேறுகிறோம் என்பதற்கு மேல் இதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. மேடைப் பதற்றம் ஓரளவு குறைந்தால் அது கூடுதல் லாபம்.

அமைதி வந்தால் பாட்டில் உயிர் போய்விடாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். கலைஞருக்குக் கொந்தளிப்பு வேண்டும் என்ற எண்ணம் நம்மிடமும் பரவியிருக்கிறது. முகாரியைப் பாடுகிறவர் முகாரியிடம் தன்னைக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு வந்த ஒரு கமெண்ட்டின் எரிச்சலிடம் கொடுத்துவிட்டால் முகாரிக்கு என்ன மிஞ்சும்? முத்துசுவாமி தீட்சிதர் ஸ்ரீவித்யா உபாசகர். உபாசனையில் ஊறிய அவர் மனத்திலிருந்து வந்த சௌக்க காலக் கிருதிகளில் உணர்ச்சி குறைந்திருப்பதாக நான் உணர்ந்ததில்லை. உனக்குத் தெய்வ நம்பிக்கை இருந்தால் இந்தக் கால் மணி வழிபாடாகட்டும், இல்லையென்றால் செவிப் பயிற்சியாகட்டும். கம்பி யாரிடமும் நம்பிக்கையைக் கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். அமைதியாக உட்கார்ந்தால் துயரமோ அச்சமோ பெருகுகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார். தம்புரா சிகிச்சை அல்ல.

நன்றாகத் தெரியும் என்று நீ நினைக்கும் ஒரு கீர்த்தனையை இன்றைக்கே பாடிப் பதிவு செய்து வை. நாளை முதல் ஆன்லைன் வகுப்புக்கும் சாதகத்துக்கும் நடுவில் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தம்புராவை எடு. முதல் வாரம் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து, பிறகு பதினைந்து. மீட்டும்போது ஹம் கூடச் செய்யாதே. முடிந்ததும் ஸட்ஜத்தில் ஒரு நீண்ட கார்வை பிடித்து, அங்கிருந்து சாதகத்தைத் தொடங்கு. இரண்டு மாதம் விடாமல் செய்தபின் அதே கீர்த்தனையை மீண்டும் பாடிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். வேறுபாடு இல்லை என்று உன் காது சொன்னால் நான் எழுதியதைத் தள்ளிவிடு. அதற்கு முன் தள்ளாதே என்பதே என் வேண்டுகோள்.