கம்பியாளர் பயிற்சியும் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலும்

பத்தாம் வகுப்பு அறிவியலின் நான்காம் அலகான மின்னோட்டவியலில் ஓம் விதிக் கணக்குகள் மாணவர்களுக்கு விரைவில் பிடிபட்டுவிடுகின்றன. மின்னழுத்தத்தையும் மின்தடையையும் கொடுத்தால் மின்னோட்டத்தைக் கண்டுபிடித்து, அலகையும் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் ஒரு மனித உடல் வழியாகப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

நான் பணியாற்றும் பண்ணைப்புரம் பகுதியில் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. எங்கள் மாணவர்களின் வீடுகளைச் சுற்றித் தென்னந்தோப்புகளும் கிணற்று மோட்டார்களும் உள்ளன. ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து மின்கம்பி அறுவதும், தோட்டத்து டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போவதும் இங்கே வழக்கம். மின்வாரிய ஊழியர் வரும்வரை பொறுக்காமல் யாராவது ஒருவர் தானே ஃபியூஸ் போட ஏறிவிடுவதையும் மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்ததும் வயரிங் வேலைக்குக் கையாளாகப் போகும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு. "ஏறிப் போட்டுட்டு வாப்பா" என்று பெரியவர் ஒருவர் சொன்னால், மறுக்கத் தெரியாத வயது அவர்களுக்கு.

ஆகவே ஒரு மின்பாதைப் பணியாளர் பயிற்சியில் எதை, எந்த வரிசையில் கற்கிறார் என்பதை இந்த அலகோடு இணைத்து மூன்று பாடவேளைகளாக நடத்தி வருகிறேன். பாடப்பொருள் மாறவில்லை. எடுத்துக்காட்டுகள் மட்டும் ஊரிலிருந்து வருகின்றன.

கற்றல் விளைவுகள்

1. மின்சாரம் உயர் மின்னழுத்தத்தில் அனுப்பப்படும் காரணத்தை ஜூலின் வெப்ப விதியைக் கொண்டு விளக்குதல்.
2. புவித்தொடுப்பு உயிர் காக்கும் விதத்தைப் பக்க இணைப்பின் மூலம் விளக்குதல்.
3. அறுந்து விழுந்த மின்கம்பியைக் கண்டால் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் கூறுதல்.
4. மின்பாதைப் பணிக்கான முறையான பயிற்சி வழிகளை அறிதல்.

முதல் பாடவேளை: மின்சாரம் வரும் வழி

கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் போகும் மாணவர்கள் மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்திருப்பார்கள். முல்லைப் பெரியாற்று நீர் அந்தக் குழாய்களின் வழியே இறங்கிப் பெரியாறு நீர்மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. 1958-இல் முதல் இயந்திரமும் 1965-இல் நான்காவது இயந்திரமும் ஓடத் தொடங்கின. தலா 35 மெகாவாட் வீதம் 140 மெகாவாட் என்ற அளவில் அமைக்கப்பட்ட நிலையம் அது. நம் வயலுக்குப் பாயும் அதே நீர், வரும் வழியில் மின்சாரத்தையும் தந்துவிட்டு வருகிறது என்று தொடங்கினால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து ஒரு கணக்கு. 11,000 வாட் திறனை 230 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் சுமார் 48 ஆம்பியர். அதே திறனை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருப்பதால், முதல் முறையில் இழப்பு சுமார் 2,300 மடங்கு. (மும்முனை மின்சாரத்தின் நுணுக்கங்களை இங்கே விட்டுவிடலாம்.) ஊருக்கு வெளியே உயர்ந்த மின்னழுத்தமும், தெருவில் தாழ்ந்த மின்னழுத்தமும், இடையே ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் இருப்பதன் காரணம் இந்தக் கணக்கிலேயே விளங்கிவிடுகிறது.

செயல்பாடு: மாணவர்களை அழைத்துச் சென்று, சாலையின் மறுபக்கத்தில் நின்றபடி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பை வரையச் செய்தல். மின்கம்பம், கிராஸ் ஆர்ம், பீங்கான் இன்சுலேட்டர், ஸ்டே கம்பி, ஏ.பி. சுவிட்ச், எச்.ஜி. ஃபியூஸ், புவித்தொடுப்புக் கம்பி ஆகியவற்றைப் படத்தில் குறிக்க வேண்டும். ஸ்டே கம்பியில் ஆடு மாடு கட்டக் கூடாது, துணி காயப்போடக் கூடாது என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். எதையும் தொடக் கூடாது என்பதைப் புறப்படும் முன்பே உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: தொடுவதற்கு முன் ஐந்து படிகள்

லைன்மேன் பயிற்சி என்றால் கம்பம் ஏறப் பழகுவது என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். ஏறுவது பயிற்சியின் ஒரு பகுதிதான். அதற்கு முன் மனத்தில் பதிய வேண்டியது, மின்சாரம் இல்லை என்று மெய்ப்பிக்கும்வரை ஒவ்வொரு கம்பியிலும் மின்சாரம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது. அதற்கான வரிசையைக் கரும்பலகையில் எழுதுகிறேன்.

1. அனுமதி: வேலை செய்ய வேண்டிய மின்பாதைக்குப் பொறுப்பானவரிடம் 'லைன் கிளியர்' பெறுதல். மின்வாரியத்தார் இதைச் சுருக்கமாக 'எல்.சி.' என்பார்கள்.
2. துண்டித்தல்: சுவிட்சைத் திறந்து, பூட்டி, ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்ற எச்சரிக்கைப் பலகையை மாட்டுதல்.
3. சோதித்தல்: சோதனைக் கருவி சரியாக இயங்குகிறதா என்று முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் பார்த்து, பிறகு கம்பியைச் சோதித்து, மீண்டும் கருவியைச் சரிபார்த்தல்.
4. புவித்தொடுப்பு: வேலை நடக்கும் இடத்தின் இரு பக்கமும் டிஸ்சார்ஜ் ராடு மூலம் கம்பியைப் பூமியுடன் இணைத்தல். பூமி முனையை முதலில் இணைத்து, அதன் பிறகே கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது கம்பி முனையை முதலில் எடுக்க வேண்டும்.
5. ஏறுதல்: தலைக்கவசம், கையுறை, இடுப்புப் பெல்ட், கயிறு ஆகியவற்றுடன் ஏறுதல்.

வேலை முடிந்ததும் ஆட்களையும் கருவிகளையும் எண்ணிச் சரிபார்த்து, புவித்தொடுப்பைக் கழற்றிய பிறகே எல்.சி. திருப்பித் தரப்படும். எல்.சி. வாங்கியவர்தான் அதைத் திருப்பித் தர வேண்டும். "எல்லாரும் இறங்கிட்டாங்க" என்று வேறொருவர் சொல்லும் சொல்லை நம்பி மின்சாரம் விடுவதில்லை.

இந்த வகுப்புக்கு ஓய்வுபெற்ற மின்பாதை ஆய்வாளர் ஒருவரை அழைத்திருந்தேன். நான்காம் படியைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "சுவிட்சை ஆஃப் பண்ணியாச்சே ஐயா, அப்புறம் எதுக்கு எர்த்?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "ஆஃப் பண்ணினது ஒனக்குத் தெரியும் தம்பி. அந்தப் பக்கம் தோட்டத்துல ஜெனரேட்டர் போட்டவருக்குத் தெரியுமா?" என்றார்.

அந்தப் பதிலில் ஒன்பதாம் வகுப்பின் மின்மாற்றிப் பாடம் இருக்கிறது. 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர், எதிர்ப்பக்கத்திலிருந்து மின்சாரம் வந்தால் அதே விகிதத்தில் உயர்த்தவும் செய்யும். விகிதம் சுமார் 25. தகுந்த மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் வீட்டு இணைப்பில் செருகப்பட்ட ஒரு ஜெனரேட்டரின் 230 வோல்ட், மேலே உள்ள உயர் அழுத்தக் கம்பியில் 5,000 வோல்ட்டுக்கும் மேலாக மாறக்கூடும். துணைமின் நிலையத்தில் சுவிட்ச் திறந்திருந்தாலும் மின்கம்பத்தில் இருப்பவருக்கு ஆபத்துதான்.

புவித்தொடுப்பு எப்படிக் காக்கிறது என்பதற்குப் பக்க இணைப்புக் கணக்கு. மனித உடலின் மின்தடை 1,000 ஓம், புவித்தொடுப்புப் பாதையின் மின்தடை 1 ஓம் எனக் கொள்வோம். இரண்டும் பக்க இணைப்பில் இருந்தால், பூமிக்குப் போகும் மின்னோட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உடல் வழியே செல்லும். புவித்தொடுப்பு இல்லையென்றால் உடல் ஒன்றே பாதை. மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, நான்காம் படியை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

செயல்பாடு: ஓர் அட்டைப்பெட்டியில் இரண்டு உலர் மின்கலன்களையும் ஒரு சுவிட்சையும் மறைத்து வைக்க வேண்டும். வெளியே தெரியும் இரண்டு கம்பிகளுடன், வெளியிலுள்ள மின்கல அடுக்கும் ஒரு சுவிட்சும் இணைக்கப்பட்டிருக்கும். மாணவர் வெளிச் சுவிட்சைத் திறந்துவிட்டு "மின்சாரம் இல்லை" என்று அறிவிப்பார். பிறகு சிறிய டார்ச் பல்பால் சோதிப்பார். பெட்டிக்குள் இருக்கும் சுவிட்ச் மூடியிருந்தால் பல்பு எரியும்! வெளிச் சுவிட்சைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது என்பது அந்த நொடியில் விளங்கிவிடும். உலர் மின்கலன்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின் இணைப்பைக் கொண்டு எந்தச் செயல்பாடும் கூடாது.

இதன் தொடர்ச்சியாக எல்.சி. தருபவர், பெறுபவர், பணியாளர் எனப் பிரிந்து நடிக்கச் செய்யலாம். வேண்டுமென்றே ஒரு படியை விட்டுவிட்டு, விடுபட்டது எது என்று வகுப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஆர்வம் கூடும்.

மூன்றாம் பாடவேளை: உடலும் ஓம் விதியும்

உலர்ந்த தோலுடன் உடலின் மின்தடை 1,00,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 2.3 மில்லி ஆம்பியர். உடல் நனைந்து மின்தடை 1,000 ஓமாகக் குறைந்தால் அது 230 மில்லி ஆம்பியர். வீடுகளில் உயிர்காப்புக்காகப் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி. கருவி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் வகையில் அமைக்கப்படுகிறது. 100 மில்லி ஆம்பியர் அளவே இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கப் போதுமானது. ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடாதே என்று வீட்டில் சொல்வதன் பொருளை மாணவர்கள் இப்போது எண்களால் சொல்வார்கள்.

அறுந்து விழுந்த கம்பியைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். கம்பி தொடும் இடத்தில் நிலத்தின் மின்னழுத்தம் மிகுந்தும், விலக விலகக் குறைந்தும் இருக்கும். அகலமாகக் கால் வைத்தால் இரு பாதங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டு, உடல் வழியே மின்னோட்டம் பாயும். ஒற்றைக் கம்பியில் அமர்ந்த பறவைக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பது, அதன் இரு கால்களும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால்தான். எனவே விழுந்த கம்பியின் அருகே போகக் கூடாது. அருகில் சிக்கிக்கொண்டால் பாதங்களைச் சேர்த்து, தரையை விட்டு எடுக்காமல் சிறிது சிறிதாக நகர்த்தி விலக வேண்டும். பிறரை நெருங்கவிடாமல் தடுத்து, 'மின்னகம்' எண்ணான 94987 94987-க்குத் தகவல் தர வேண்டும். வீட்டு மின்சாரம் தாக்கியவரை மீட்க முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். உயர் அழுத்தக் கம்பியிடம் உலர்ந்த குச்சியும் காப்பாற்றாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்காய் பறிக்கும் உலோகத் துரட்டியும் அலுமினிய ஏணியும் மின்கம்பிக்கு அருகே கூடவே கூடாது.

கையாளும் தொழிற்பழகுநரும்

மின்பாதை வேலையை விரும்பும் மாணவரிடம் "வேண்டாம்" என்று சொல்வதில் பயனில்லை. அது சமூகத்துக்குத் தேவையான வேலை. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல மாவட்டங்களிலிருந்து போன மின் ஊழியர்கள்தான் டெல்டா ஊர்களுக்கு வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாம் சொல்லித்தர வேண்டியது முறையான வழியை.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களும், வயர்மேன் பிரிவில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களும் சேரலாம். இரண்டும் ஈராண்டுப் படிப்புகள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுச் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழியுண்டு.

ஐ.டி.ஐ.க்குப் பிறகு வருவது தொழிற்பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரண்டிஸ். இது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் வருகிறது. இதைப் பற்றி மாணவர்களிடம் மூன்று செய்திகளைச் சொல்கிறேன். ஒன்று, பயிற்சிக்கு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர் எனில் பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். இரண்டு, மாத உதவித்தொகை உண்டு. பயிற்சியின்போது விபத்தில் காயமடைந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. மூன்று, பயிற்சி முடித்தாலே அங்கேயே வேலை உறுதி என்று பொருளில்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்று, பிறகு வேலைக்குப் போட்டியிட வேண்டும். இந்த மூன்றாவதை மறைக்காமல் சொன்னால்தான் முதல் இரண்டையும் மாணவர்கள் நம்புவார்கள்.

கையாளாகப் போகும் சிறுவனிடம் ஒப்பந்தமும் இல்லை, இழப்பீட்டுக்கு ஆவணமும் இல்லை. ஐந்து படிகளை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இரண்டையும் கரும்பலகையில் இரு பத்திகளாக எழுதி ஒப்பிடச் சொன்னால், வேறுபாட்டை மாணவர்களே பேசுவார்கள்.

மாணவிகளையும் இந்த உரையாடலில் சேர்க்க வேண்டும். தெலங்கானாவில் ஜூனியர் லைன்மேன் பணி ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த நிலையில், பெண்கள் உயர்நீதிமன்றத்தை அணுகி வாய்ப்புப் பெற்றார்கள். மின்கம்பம் ஏறும் தேர்வில் வென்ற சிரிஷா என்ற இளம்பெண் 2022-இல் அம்மாநிலத்தின் முதல் பெண் லைன்மேனாகப் பணியில் சேர்ந்தார். இதைச் சொன்ன நாளில் பின்வரிசை மாணவி ஒருத்தி, "டீச்சர், வயர்மேன் பிரிவில் பொண்ணுங்களுக்கும் இடம் உண்டா?" என்று கேட்டாள். உண்டு.

மதிப்பீட்டு வினாக்கள்

1. சோதனைக் கருவியை வேலைக்கு முன்னும் பின்னும் சரிபார்ப்பது ஏன்?
2. புவித்தொடுப்புப் பாதையின் மின்தடை 1 ஓமிலிருந்து 100 ஓமாக உயர்ந்தால், 1,000 ஓம் மின்தடையுள்ள பணியாளருக்கு ஆபத்து கூடுமா, குறையுமா? கணக்கிட்டு விளக்குக.
3. உன் தோட்டத்து டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போய்விட்டது. உன்னை ஏறச் சொல்கிறார்கள். மறுப்பதற்கு இந்த அலகிலிருந்து இரண்டு காரணங்கள் எழுதுக.

மூன்றாவது வினாவுக்குத்தான் நான் மிகுந்த மதிப்பெண் வைக்கிறேன். விடையை வீட்டில் பெற்றோரிடம் வாசித்துக் காட்டி, கையொப்பம் பெற்று வரச் சொல்கிறேன். சென்ற முறை வந்த விடைத்தாள்களில் ஒன்றில் கையொப்பத்துக்குக் கீழே அப்பா ஒரு வரி எழுதியிருந்தார்: "இனி நானும் ஏற மாட்டேன்." இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற மின் ஊழியர் ஒருவரைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு வகுப்புக்கு அழைக்கலாம். நாற்பது ஆண்டு அனுபவத்தைச் சொல்ல அவர்கள் மகிழ்ச்சியோடு வருகிறார்கள். ஆடிக் காற்று தொடங்கும் முன் பாடத்தை முடித்துவிடுவது நல்லது.