இல், மனை, வீடு

உறைவிடத்தைக் குறிக்கத் தமிழில் இல், மனை, வீடு என மூன்று சொற்கள் உள. இவற்றுள் பேச்சு வழக்கில் நாம் கொண்டது வீடு. மலையாளிகளும் அதனையே கொண்டனர். கன்னடர் ‘மனெ’ என்பர். தெலுங்கர் ‘இல்லு’ என்பர். துளுவிலும் அச்சொல்லே வழங்கும். இம்மொழிகள் ஓரினத்தன என்பதனைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் விளக்கிற்று.

நம்மிடத்து ‘இல்’ என்பது இல்லறம், இல்லாள் என்னும் சொற்களுள் ஒடுங்கியது. மனையோ வீடு கட்டும் நிலத்தைக் குறிக்கலாயிற்று.

தஞ்சையில் நாயக்கர் ஆட்சி 1673-இல் முடிந்தது. எனினும், தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் இன்றும் இங்கு வாழ்கின்றன. உரையாசிரியர் துணைகொண்டு நாம் கற்கும் பழஞ்சொல் அவர்தம் அடுக்களையில் அன்றாடம் ஒலிக்கின்றது. ஆதலின், மாணவ நண்பர்காள், அண்டை மொழியை அயன்மொழியென்று தள்ளற்க. நாம் நெகிழவிட்ட சொல்லை அது காத்து நிற்கின்றது.