ஓப்பன் பி.எஸ்.டி. - வலைப்பின்னல் காப்போருக்கு ஓர் அறிமுகப் பாடம்

நம் சங்கக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது இன்று கணிப்பொறித் துறையில் இருக்கிறார். அவர்களில் சிலருக்கு அலுவலக வலைப்பின்னலைக் கட்டிக் காக்கும் வேலை. அவர்களுக்குப் பழக்கமானது விண்டோஸ், அல்லது லினக்ஸ். மூன்றாவதாக ஒன்று உண்டு என்று சொன்னால், "பேர் கேட்டிருக்கேன் மாமா, தொட்டதில்லை" என்பார்கள். அந்த மூன்றாவதைப் பற்றியதே இந்தக் கட்டுரை. பெயர் ஓப்பன் பி.எஸ்.டி. நம் சங்க நூலகத்தின் வலைப்பின்னலுக்கு வாசற்காவலாக ஒரு பழைய கணிப்பொறியில் அதை நிறுவிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். அந்த அனுபவத்தில் ஒரு பெரிய பிழையும் அடக்கம். அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

அறியாமலே பழகிய பொருள்

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தொடங்கினர். அது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குச் சென்று, அங்கே மாணவர்களின் கையில் வளர்ந்தது. 'பெர்க்லி சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' என்பதன் சுருக்கமே பி.எஸ்.டி. இன்றைய இணையத்துக்கு அடிப்படையான டி.சி.பி./ஐ.பி. முறை, 1983-ல் வெளியான அதன் 4.2 பதிப்பில் இடம்பெற்றுப் பல்கலைக்கழகங்கள் எங்கும் பரவியது. 1993-ல் அந்தக் குடும்பத்தில் நெட் பி.எஸ்.டி., ஃப்ரீ பி.எஸ்.டி. என இரு பிள்ளைகள் தோன்றின. 1995-ல் தியோ டி ராட் என்பவர் நெட் பி.எஸ்.டி.யிலிருந்து பிரிந்து, கனடாவின் கால்கரி நகரிலிருந்து ஓப்பன் பி.எஸ்.டி.யைத் தொடங்கினார்.

"இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் இளைஞருக்கு ஒரு செய்தி. தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் பத்திரமாக நுழைய நீங்கள் தினமும் பயன்படுத்தும் எஸ்.எஸ்.ஹெச். கட்டளை, பெரும்பாலும் ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். என்பதே. 1999-ல் அதை எழுதி இலவசமாக உலகுக்குக் கொடுத்தவர்கள் இவர்கள்தாம். இன்று லினக்ஸிலும் மேக்கிலும் விண்டோஸிலும்கூட அது இருக்கிறது. ஆக, இந்த வீட்டுச் சமையலை நீங்கள் பல வருடமாகச் சாப்பிட்டு வருகிறீர்கள், வீட்டுக்குத்தான் போனதில்லை.

எங்கே மாறுபடுகிறது?

லினக்ஸ் என்பது உண்மையில் கருவை மட்டும் குறிக்கும் பெயர். அதைச் சுற்றியுள்ள கருவிகளைப் பலர் பல இடங்களில் செய்ய, ரெட் ஹாட், டெபியன் போன்றவர்கள் திரட்டிக் கொடுக்கிறார்கள். ஓப்பன் பி.எஸ்.டி.யில் கரு, அடிப்படைக் கட்டளைகள், தீச்சுவர், கையேடு எல்லாம் ஒரே குழுவின் தயாரிப்பு. எஞ்சின் ஓர் ஊரில், பெட்டி ஓர் ஊரில் என்றில்லாமல் முழு ரயிலும் ஒரே பணிமனையிலிருந்து வருவதைப் போல. அதனால் கையேட்டில் எழுதியிருப்பதும் கணிப்பொறி செய்வதும் ஒன்றாக இருக்கும்.

இவர்களின் இன்னொரு வழக்கம், பழைய நிரலை வரிவரியாக மீண்டும் படிப்பது. 1996 முதல் இதைச் செய்து வருகிறார்கள். ஒரு பிழையைக் கண்டால் அதைத் திருத்தியதோடு நிறுத்துவதில்லை. அதே வகைப் பிழை வேறெங்கே இருக்கிறது என்று எல்லா இடத்திலும் தேடுவார்கள். தண்டவாளத்தில் ஓரிடத்தில் ஃபிஷ்பிளேட் போல்ட் தளர்ந்திருந்தால் அதை மட்டும் முடுக்கிவிட்டு வரும் கேங்மேன் நல்ல கேங்மேன் அல்ல என்பது ரயில்வேக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

லினக்ஸிலிருந்து வருவோர் முதல் நாளில் தடுமாறும் இடங்கள் சில உண்டு.

ஒன்று: வலை அட்டையின் பெயர். லினக்ஸில் வெகுகாலம் ஈத்-0 என்றிருந்தது. இங்கே அட்டையை இயக்கும் நிரலின் பெயரே அட்டைக்கும் பெயர். இன்டெல் அட்டை எம்-0 என்றும், ரியல்டெக் அட்டை ஆர்.இ.-0 என்றும் வரக்கூடும்.

இரண்டு: 'சூடோ'வுக்குப் பதில் 'டூஆஸ்'. 2015 முதல் இதுவே அடிப்படை முறைமையுடன் வருகிறது. சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் 'ஆர்.சி.சி.டி.எல்.'

மூன்று: நிறுவும்போது அழகான திரைகள் வரா. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். பெரும்பாலானவற்றுக்கு என்டர் விசையைத் தட்டினால் போதும். முதன்மைப் பயனரான 'ரூட்' தொலைவிலிருந்து நுழையலாமா என்ற கேள்விக்குத் தானாகவே 'கூடாது' என்று விடை வைத்திருக்கும். அதை மாற்றாதீர்கள்.

நான்கு: நிறுவியதும் படிக்க வேண்டியது 'ஆஃப்டர்பூட்' என்னும் கையேட்டுப் பக்கம். முதன்முறை இயக்கிய பின் எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது.

கைகாட்டி தத்துவம்

பழைய கைகாட்டி மரத்தை நினைவிருக்கிறதா? ரயில் வராத நேரத்தில் அதன் கை படுக்கையாக, 'நில்' என்றே இருக்கும். ஸ்டேஷனில் நெம்புகோலை இழுத்தால்தான் கை இறங்கும். கம்பி அறுந்தால் எதிரெடையின் பாரத்தால் கை தானே 'நில்' நிலைக்குத் திரும்பிவிடும். பழுதானாலும் விபத்தின் பக்கம் சாயாமல் பாதுகாப்பின் பக்கம் சாய வேண்டும் என்பதே சிக்னல் துறையின் முதல் பாடம். வலைப்பின்னலின் தீச்சுவருக்கும் அதுவே முதல் பாடம்: எல்லாவற்றையும் தடு, பிறகு தேவையானதை மட்டும் விடு.

ஓப்பன் பி.எஸ்.டி.யின் தீச்சுவருக்குப் பெயர் பி.எஃப். 2001-ல் வந்த 3.0 பதிப்பில் இடம்பெற்றது. பின்னர் ஃப்ரீ பி.எஸ்.டி.யும் மேக்கும் அதை எடுத்துக்கொண்டன. அதன் விதிகள் ஏறக்குறைய பேச்சு நடையில் இருக்கும். 'பிளாக்' என்றால் தடு. 'பாஸ்' என்றால் விடு. 'இன்' உள்ளே, 'அவுட்' வெளியே. ஒருவர் உள்ளிருந்து ஒரு தளத்தைக் கேட்டால், அந்தப் பேச்சைப் பி.எஃப். ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். அதற்கான பதில் திரும்பி வரும்போது தனி விதி இல்லாமலே உள்ளே விடும். ஒற்றைப் பாதையில் ஓட்டுநர் கையில் டோக்கன் பந்து இருந்தால் அடுத்த ஸ்டேஷன் வரை கேள்வியில்லை அல்லவா, அதைப் போல.

நான் செய்த பிழை

நூலகத்தில் சங்க உறுப்பினர்களின் பதிவேடு ஒரு கணிப்பொறியில் இருக்கிறது. முகவரி மட்டுமல்ல, மருத்துவ உதவி கேட்டு வந்த மனுக்கள், கணவரை இழந்த சகோதரிகளின் பென்ஷன் தாள்களின் நகல்கள் எல்லாம் அதில்தான். நம்மை நம்பிக் கொடுத்தவை. அவற்றின் வாசலில்தான் இந்தக் காவலை வைத்தேன்.

லினக்ஸின் ஐ.பி.டேபிள்ஸ் எனக்குப் பழக்கம். அதில் மேலிருந்து கீழாக விதிகளைப் பார்க்கும்போது, தடு அல்லது விடு என்று சொல்லும் முதல் பொருத்தத்திலேயே முடிவு வந்துவிடும். அதே பழக்கத்தில் இங்கேயும் எழுதினேன். முதல் வரி: வெளியிலிருந்து 22-ஆம் போர்ட்டுக்கு, அதாவது எஸ்.எஸ்.ஹெச். வாசலுக்கு, யார் வந்தாலும் தடு. கடைசி வரி: மற்ற எல்லாவற்றையும் விடு. கைகாட்டிப் பாடத்தை ஊருக்கெல்லாம் சொல்பவன், அவசரத்தில் அதையும் மறந்தேன். இணையம் வேலை செய்தது. பிள்ளைகளின் வகுப்பு நடந்தது. ஒன்பது நாள் திருப்தியாக இருந்தேன்.

பத்தாம் நாள் நண்பரின் மகள் நூலகத்துக்கு வந்திருந்தாள். அவளும் ஓர் அலுவலகத்தில் வலைப்பின்னல் பார்ப்பவள். ஆனால் ஓப்பன் பி.எஸ்.டி.யைத் தொட்டதில்லை. ஆர்வத்தில் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் விதிகளைப் பார்த்தாள்.

"மாமா, கடைசி வரியில ஏன் எல்லாத்தையும் விட்டிருக்கீங்க?"

"முதல் வரியிலதான் தடுத்தாச்சேம்மா."

"இதுல கடைசியாப் பொருந்தற விதிதான் செல்லும்னு போட்டிருக்கு மாமா. அப்போ உங்க முதல் வரி இருந்தும் இல்லாத மாதிரிதானே?"

எனக்கு உடல் வியர்த்துவிட்டது. 'ஆத்லாக்' என்னும் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தோம். ஒன்பது நாளும் எங்கெங்கிருந்தோ யார் யாரோ ரூட் என்றும் அட்மின் என்றும் பெயர் சொல்லிக் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்திருந்தார்கள். எவரும் உள்ளே வரவில்லை. ரூட் நுழைய அனுமதி இல்லாததும், என் கடவுச்சொல் நீளமாக இருந்ததுமே காரணம். அதாவது காப்பாற்றியது என் திறமையல்ல. நான் மாற்றாமல் விட்ட அந்த ஒரு விடை.

முப்பத்தைந்து வருடம் ஜூனியர்களிடம் "முதலில் மேனுவலைப் படி" என்று சொன்னவன் நான். பழகிய ஒன்றைப் போல இருக்கிறதே என்று இங்கே படிக்காமல் விட்டேன். முற்றிலும் புதிய பொருளை நாம் பயந்து படிக்கிறோம். பாதி தெரிந்த பொருள்தான் ஆபத்து.

இந்த விதியை மறக்காமலிருக்க ஓர் உபாயம்: அலுவலகச் சுற்றறிக்கையை நினையுங்கள். ஒரே விஷயத்தில் பின்னால் வந்த சுற்றறிக்கையே செல்லும். பி.எஃப்.பும் அப்படித்தான். 'குவிக்' என்ற சொல் சேர்ந்த விதி மட்டும் விலக்கு. அது மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு. பொருந்தியதும் அங்கேயே முடிவு. ஆகவே பொதுவான தடையை முதலிலும், குறிப்பான அனுமதிகளைப் பின்னரும் எழுதுக.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். விதிகளை ஏற்றுமுன் 'பி.எஃப்.சி.டி.எல்.' கட்டளையை 'என்' குறியோடு கொடுத்தால், ஏற்றாமலே எழுத்துப் பிழைகளைச் சொல்லும். ஆனால் என் பிழை எழுத்துப் பிழையன்று, கருத்துப் பிழை. அதை அது சொல்லாது. வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்தே தீர வேண்டும். இரண்டாவது, தொலைவிலிருந்து விதிகளை மாற்றும்போது, ஐந்து நிமிடத்தில் பழைய விதிகள் தாமாகவே திரும்பும்படி ஒரு கட்டளையை முன்னரே வைத்துவிடுங்கள். எல்லாம் சரியானால் அதை நீக்கலாம். இல்லையேல் உங்களையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வீர்கள்.

எங்கே வேண்டாம்?

எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து என்று சொல்ல மாட்டேன். டாக்கர் இதில் ஓடாது. ப்ளூடூத் இல்லை, 2014-லேயே நீக்கிவிட்டார்கள். திடீரென மின்சாரம் போனால், மீண்டும் இயங்கும்போது வட்டைச் சரிபார்க்க நேரம் எடுக்கும். ஆகவே யு.பி.எஸ். அவசியம். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. கடைசி இரண்டு பதிப்புகளுக்கே திருத்தங்கள் கிடைக்கும். எனவே ஆண்டுக்கு ஒரு முறையாவது புதுப்பித்தாக வேண்டும். 'சிஸ்அப்கிரேட்' என்ற கட்டளை 2019-ல் வந்த பின் அது எளிதாகிவிட்டது. வாசற்காவல், பெயர்ச் சேவை, சிறு மின்னஞ்சல் சேவை போன்ற வேலைகளுக்கு மிகப் பொருத்தம்.

பொறுப்பு ஒப்படைத்தல்

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த இயக்க முறைமை, அவர் ஊரில் இல்லாத நாளில் பூட்டிய அறை. எனக்கு வயது ஏறுகிறது. ரயில்வேயில் பொறுப்பை எழுத்தில் ஒப்படைக்காமல் எவரும் இடம் மாறிச் செல்ல முடியாது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில், எந்த அட்டை எந்தப் பக்கம், ஒவ்வொரு விதியும் ஏன், மாற்றிய தேதி எது, நகல் எங்கே என்று தமிழில் எழுதி நூலக அலமாரியில் வைத்திருக்கிறேன். கடவுச்சொற்கள் மட்டும் அதில் இல்லை. அவை முத்திரையிட்ட உறையில் செயலாளரிடம் உள்ளன. நோட்டின் முதல் பக்கத்தில் அந்த ஒன்பது நாள் பிழையைத்தான் எழுதியிருக்கிறேன்.

நண்பரின் மகள் இப்போது ஞாயிறுதோறும் வந்து நோட்டைப் பார்த்துத் தானே விதிகளை எழுதிப் பழகுகிறாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் நல்லது. உதவாத பழைய கணிப்பொறி ஒன்று, வலை அட்டை இரண்டு, பொறுமை கொஞ்சம், இவை போதும். ஒரு நிபந்தனை மட்டும்: முதலில் கையேடு, பிறகுதான் விசைப்பலகை.